தமிழ் பேசும் கார்

எங்கள் புது காரில் ஆறு ஏர்பேக், பின்னால் கேமரா, சென்சார் எல்லாம் உண்டு. ஆனால் சேலையூரில் எங்கள் வீட்டு கேட் ரொம்பக் குறுகல். முதல் நாள் உதறலோடு ரிவர்ஸ் எடுத்தேன். பின்பக்கமிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. "வரலாம்மா, வரலாம். லேசா ரைட்ல ஒடிச்சுக்கோ. போதும்."

ஒரு கீறல் இல்லாமல் கார் உள்ளே நின்றது. கார் தமிழ் பேசுகிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு வெண்ணிலா அக்காவை ஏற்றிக்கொண்டு, மூன்று தடவை வெளியே எடுத்து உள்ளே விட்டுக் காட்டினேன். மூன்று தடவையும் அது பேசியது. அக்கா கைதட்டினார்.

இன்று சாயங்காலம் போர்ட்டிகோவில் நின்றபடி, நன்றி சொல்ல ஷோரூமுக்குப் போன் போட்டேன்.

"மேடம், அந்த மாடல்ல பீப் சத்தம் மட்டும்தான். பேசுற வசதியே கிடையாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏங்க, விக்கிறவங்களுக்கே தெரியல பாருங்க," என்று உள்ளே இருந்த என் கணவர் அக்தரைக் கூப்பிட்டேன்.

கார் என் முதுகுப் பக்கம் நின்றிருந்தது. சாவி என் கையில் இருந்தது.

"வரலாம், வரலாம்," என்றது அதே குரல், வேறு யாரிடமோ. "லேசா லெஃப்ட்ல."

காற்றே இல்லாமல் என் துப்பட்டாவின் நுனி மெல்ல அசைந்தது.

"போதும்."