தண்ணி ஊத்துற பேட்டரி

கிட்ட வந்து உட்காருங்க. ஒரு கஞ்ச மருமகளைப் பற்றிச் சொல்கிறேன்.

பேட்டரிக் கடையில் மகன் நிலைகொள்ளாமல் நின்றான். ஒரு கண் போனில், ஒரு கண் வாசலில். பக்கத்தில் மனைவி. ஓரத்து நாற்காலியில் அப்பா.

அப்பா மலைமேல் தனியாள். கரண்ட் கம்பி எட்டாத வீடு, சோலார்தான். பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. மகனுக்குத் தெரிந்ததே நேற்றுதான்.

“லிதியம் போடுங்க சார்,” என்றார் கடைக்காரர். “விலை ரெண்டு மடங்குக்கு மேல. ஆனா பத்து வருஷம் அசையாது. ஈய பேட்டரின்னா அதுக்குள்ள ரெண்டு தடவை மாத்தணும். மாசாமாசம் தண்ணி வேற ஊத்தணும். கூட்டிக் கழிச்சுப் பாருங்க, லிதியம்தான் லாபம்.”

“அதையே போடுங்க,” என்றான் மகன். “மாட்டினோமா, மறந்தோமான்னு இருக்கணும்.”

“வேணாங்க,” என்றாள் மருமகள். “தண்ணி ஊத்துறதே போதும்.”

கடைக்காரர் முகம் சுளித்தார். “பெரியவருக்குத்தானேம்மா? அதுலயா கணக்கு?”

“மருமக சொல்றது சரிதான்ப்பா,” என்று பெரியவர் சிரித்தார். “பத்து வருஷம் நான் இருக்கவா போறேன்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்கப்புறம் மருமகள் பக்கம் திரும்பவில்லை.

மகன் பல்லைக் கடித்தான். “காசு நான்தானே குடுக்கறேன்? உனக்கென்ன வலிக்குது? அப்பாவுக்கு பேட்டரியில தண்ணி அளவுக் கோடே கண்ணுக்குத் தெரியாது. தண்ணி யாரு ஊத்துறது?”

“வேணும்னா நான் ஆள் அனுப்பறேன்மா,” என்றார் கடைக்காரர்.

“ஆளெல்லாம் வேணாம்ண்ணே.”

“சரி, எதையோ வாங்கித் தொலை. எனக்கு நேரமாச்சு!”

ஈய பேட்டரி வேனில் ஏறியது. பெரியவர் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மகன் அவசரமாகத் தன் காரில் போய் உட்கார்ந்தான்.

பேட்டரிக்குப் பக்கத்தில் கடைக்காரர் அதற்கு ஊற்றும் தண்ணீர் கேனை வைத்தார். மருமகள் அதைத் தூக்கிக்கொண்டு கார்ப் பக்கம் வந்தாள்.

“ஏய், அது அப்பா வீட்டுக்குப் போகணும்டி!”

“போகும்ங்க. மாசாமாசம் நீங்கதான் எடுத்துட்டுப் போகப் போறீங்க. நானும் கூட வரேன்.”

“நானா? போயிட்டு வர ஒரு நாள் பூராவும் போயிடுமே!”

“போகட்டும்.”

வேன் ஜன்னலிலிருந்து பெரியவர் தலையை நீட்டினார். “எந்தக் கிழமைம்மா ஊத்தணும்?”

மருமகள் கேனைப் புருஷன் மடியில் வைத்து, “உங்களைத்தான் கேக்கறார்,” என்று கார்க் கதவைச் சாத்தினாள்.