பூட்டு போட்ட சாம்பல் பெட்டி

ஒன்பது நாளாக அவள் தன் முறையை ஆடவில்லை.

பன்னிரண்டாவது மாடிக்கும் மேலே, நான் மெக்கானிக்காக வேலை பார்க்கும் லிஃப்டின் மோட்டார் அறையில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் அதே வரி: 'எதிராளியின் முறை. காத்திருக்கவும்.'

வேறென்ன செய்துகொண்டிருக்கிறேனாம்?

எதிராளி என் மனைவி. ஒரு வருடம் இரண்டு மாதமாகத் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஆரம்பித்த இந்த ராஜ்ய விளையாட்டை மட்டும் விடவில்லை. அவளுக்கு ஒரு நாடு, எனக்கு ஒரு நாடு, நாளுக்கு ஒரு முறை.

மருந்துக்கடையில் மதிய ஓய்வின்போது அவள் ஆடுவாள். உடனே இங்கே என் போன் சிணுங்கும். ஒரு வயலை உழுதிருப்பாள், இல்லை ஒரு படகு விட்டிருப்பாள். சரி, இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று டப்பாவைத் திறப்பேன்.

இப்போது ஒன்பது நாள். டப்பா மூடியே கிடக்கிறது.

போன் பண்ணலாம். பண்ணினால் நான் இறங்கிப்போனதாக ஆகிவிடும். எங்கள் சண்டை இந்த விளையாட்டுக்குத் தனிக் காசு கொடுத்து வாங்கும் பேக்குகளில் ஆரம்பித்து என் அம்மாவில் போய் முடிந்தது. அவள் செருப்பை மாட்டும்போது, அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"திரும்பி வரணும்னா நீயா கேட்டுட்டு வா. நான் கூப்பிட மாட்டேன்."

அவள் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும், லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் பன்னிரண்டு மாடியும் இறங்கி ஓடிப்போய்க் கூட்டி வந்துவிடுவேன். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

பேக் என்றேனே, அந்த வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன்.

விற்கும்போது முழு விளையாட்டு என்றுதான் சொல்லி விற்றார்கள். வாங்கிப் பார்த்தால் குதிரை இருக்கிறது, லாயம் தனி பேக். ஆறு இருக்கிறது, பாலம் தனி பேக். மழைக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று. இருபத்தாறு ஆகிவிட்டது. போகிற போக்கில் ராஜா கொட்டாவி விடுவதற்கும் ஒன்று போடுவார்கள். ஒரு பேக்கும் வாங்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவன் நான். ஆற்றைச் சுற்றிக்கொண்டு போயே ஐந்து வருடம் ராஜ்யம் நடத்தினேன்.

அவள் எல்லாவற்றையும் வாங்குவாள். வாங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

"ஒரு பாலம் இல்ல, ஒரு லாயம் இல்ல. என்ன ராஜாவோ நீங்க!"

அந்தச் சிரிப்புக்காகவாவது ஒரு பாலம் வாங்கியிருக்கலாம்.

நாலு மாதம் முன்பு புதிதாக ஒரு தொல்லை சேர்ந்தது. என் எல்லையோரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதன்மேல் பூட்டுப் படம். 'தூதர் பேக்! வாங்கித் திறக்கவும்.' பக்கத்தில் சிவப்பாக ஓர் எண். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஏழு, பதினைந்து. வாசலில் எத்தனை தடவை வந்து கையேந்தினோம் என்று எண்ணி வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று வாயில் வந்தபடி திட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இன்றைக்கு அதைத் தட்டினேன்.

தூதர் என்னென்ன சொல்லலாம் என்று ஒரு பட்டியல் வந்தது. போர் அறிவித்தல். வரி கேட்டல். அண்டை நாட்டின் நலம் விசாரித்தல்.

அந்த மூன்றாவதில் கண் நின்றுவிட்டது. போன் பண்ண வேண்டாம், இறங்கிப்போகவும் வேண்டாம். நன்றாக இருக்கிறாயா என்று ஒரு ராஜா கேட்கிற மாதிரி கேட்டுவிடலாம்.

வாங்கினேன். சத்தியம் போனால் போகிறது.

பூட்டுப் படம் மறைந்தது. பெட்டி திறந்தது. அடுத்த விளம்பரம் வரும் என்று பார்த்தால், என் கோட்டை வாசல் வந்தது.

'வந்து சென்ற தூதர்கள்: 41.'

நாற்பத்தொரு பெயருக்குப் பக்கத்திலும் மஞ்சள் கொடி. அவளுடைய கொடி.

முதல் தூதரைத் தட்டினேன். 'தங்கள் நாட்டுக்குத் திரும்பி வர அனுமதி கேட்கிறோம்.'

இரண்டாவது ஆளும் அதையேதான் கேட்டிருந்தார். பத்தாவது ஆளும். இருபதாவது ஆளுக்குள் எழுத்து கலங்கிவிட்டது. சட்டைக் கையால் துடைத்தேன். அதிலிருந்த கிரீஸ் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

கேட்டிருக்கிறாள். நான் சொன்ன மாதிரியே, தானாகக் கேட்டிருக்கிறாள்.

நாற்பத்தொன்றையும் தட்டி முடித்தபோதுதான் அடியில் இருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது. 'இந்த பேக்கை வாங்காத மன்னரிடமிருந்து மூன்று நாளில் பதில் வராவிட்டால், அவர் சார்பில் பதில் அனுப்பப்படும்.'

என் சார்பில் போன பதிலைத் திறந்தேன். பேக்கைப் பற்றியோ பூட்டைப் பற்றியோ அதில் ஒரு பேச்சு இல்லை. நாற்பத்தொரு தடவையும் அவளுக்குப் போனது இந்த ஒரு வரிதான்.

'மன்னர் மறுத்துவிட்டார்.'

கடைசியாகப் போனதன் தேதியைப் பார்த்தேன். இன்றோடு ஒன்பது நாள்.