அருவி ஓடிய ஜன்னல்

எதிர்ஃபிளாட் பிரசன்னா விடுமுறைக்கு ரயில் தேர்ந்தெடுத்த கதை எங்கள் குடியிருப்புக்கே தெரியும். போவதென்னவோ மதுரைக்குத்தான், ரயில் ஜன்னல்களெல்லாம் திரையாகிவிட்டதால், வழியெல்லாம் அதில் எந்த ஊர்க் காட்சி ஓட வேண்டும் என்பதுதான் இப்போதெல்லாம் கேள்வி. பனிமலையா, தேயிலைத் தோட்டமா என்று லிஃப்டில் அகப்பட்டவர்களையெல்லாம் அறுத்துவிட்டு, கடைசியில் கொங்கண் மழையையும் அருவியையும் பிடித்தார்.

அவர் மனைவி மிருதுளாவின் கவலை வேறு. வருஷக்கணக்காகப் பேசாதிருந்த தங்கை கிருத்திகா, பெட்டி நம்பரும் சீட் நம்பரும் கேட்டு வாங்கிக்கொண்டு, திண்டுக்கல் ஸ்டேஷனுக்குச் சாப்பாட்டோடு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஊரிலிருந்து திரும்பியதும் விசாரித்தேன். விசாரிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"அவ வரலக்கா," என்றாள் மிருதுளா. "திண்டுக்கல்ல வண்டி நின்னதே தெரியல. அருவி பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு, பாத்தா மதுரை. அவளா வந்து தட்டியிருக்க வேணாமா? இனி எனக்குத் தங்கச்சியே இல்ல."

பிரசன்னாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. "நடுவுல ஆலங்கட்டி மழைங்க! கண்ணாடியில படபடன்னு சத்தம். நாங்க கைதட்டிச் சிரிச்சோம்!"

அந்தச் சத்தம் என்னை உறுத்தியது. கிருத்திகாவின் நம்பரை எப்படியோ பிடித்துக் கேட்டேன்.

"வெளியிலேர்ந்து உள்ள நல்லாவே தெரியுதுங்க," என்றாள். "தூக்குவாளியால கண்ணாடியத் தட்டினேன். அக்கா நேரா என்னையத்தான் பாத்தா. புருஷனோட சேந்து கைதட்டிச் சிரிச்சா. வண்டி கிளம்புற வரைக்கும் சிரிச்சா."