நோன்பாளியின் கோப்பு

"அரீஜ், உன் ப்ளக்இன் என் கோட் எடிட்டரை மூடவே விடமாட்டேங்குது. நோன்பு திறக்க அரை மணிதான் இருக்கு. வீட்டுக்குப் போக வேண்டாமா?"

எடிட்டரோடு இணையும் அந்தச் சின்ன நிரலை எழுதியவளே பக்கத்து மேசை அரீஜ்தான். எழுந்து வந்து என் திரையைப் பார்த்தாள். 'சேமிக்காத கோப்பு ஒன்று மறைவில் இருக்கிறது' என்று எடிட்டர் அடம்பிடித்தது.

"என்னிக்கிலேர்ந்து இப்படி?"

"ஞாயித்துக்கிழமைலேர்ந்து. வேற யாராயிருந்தாலும் உன்னைக் கிழிச்சிருப்பாங்க. நான் நோன்பு வச்சிருக்கேன். வாயிலேர்ந்து ஒரு கெட்ட வார்த்தை வந்துச்சா, சொல்லு?"

"நிஜமாவே பொறுமைசாலிதான் முஹன்னத் நீ."

நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன். அம்மான் நகரத்திலேயே அன்று என்னைவிட உத்தமமான நோன்பாளி இருந்திருக்க முடியாது.

அவள் இரண்டு விசைகளைத் தட்டினாள். மறைந்திருந்த கோப்பு திரை முழுக்க விரிந்தது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாயிறன்று அந்த ப்ளக்இன்னால் எடிட்டர் ஆமையாய் நகர்ந்த கோபத்தில், வாயால் திட்டினால்தானே நோன்புக்குக் கேடு என்று, அத்தனையையும் தட்டச்சு செய்து மறைத்துவைத்திருந்தேன்.

அரீஜ் முதல் வரியை நிதானமாக வாசித்தாள். "இந்த ப்ளக்இன்னை எழுதின கழுதை..."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கழுதை கேக்குது, சொல்லு. சேவ் பண்ணவா, வேண்டாமா?"