கோழிக்குப் போட்ட தையல்

“மச்சான், இந்தக் கோழி மட்டும் சாகக் கூடாது. எனக்கு அம்புட்டுத்தான் வேணும்.”

கோச்சடையில் தன் வீட்டுக் கொல்லையில் சண்டைச் சேவல்களுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்த நல்லகாமன் நிமிர்ந்து பார்த்தான். அன்னக்கொடி நின்றிருந்தாள். போன வாரம் கிணற்றில் விழுந்து செத்துப்போன அவன் மனைவி தங்கப்பொண்ணுவின் தங்கை. அவள் கையில் ஒரு கறுப்புப் பெட்டைக் கோழி துவண்டு கிடந்தது.

நல்லகாமனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பெண்டாட்டிக்குப் பாலூற்றிய மறுநாளே, ‘அக்கா இடத்துக்கு நீ வந்துரு’ என்று கொழுந்தியாளுக்கு ஆள் விட்ட மகராசன் அவன். தூது போனவர் முகத்திலேயே கதவைச் சாத்தியவள் அவள். இன்று அவளே தேடி வந்திருக்கிறாள்!

“சாகாது புள்ள. துரை பங்களா வான்கோழிக்கே தையல் போட்ட கை இது. இங்க குடு.”

அதில் பொய்யில்லை. வைகைக் கரையில் சேவல் வளர்க்கிற அத்தனை பேருக்கும் அவன்தான் வைத்தியன். சேவல் உடம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் சோறு இறங்காது அவனுக்கு. பெண்டாட்டி உடம்பில் விழுந்த காயங்களுக்கு மட்டும் அவனிடம் மருந்து இருந்ததில்லை.

கோழியை வாங்கியதும் ஒன்று நடந்தது. பெட்டையைக் கண்டால் கட்டிய முளைக்குச்சியையே பிடுங்குகிற அவனுடைய சண்டைச் சேவல்கள் இரண்டும், கயிறு எட்டும் மட்டும் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றன. சத்தமே இல்லை.

“என்னங்கடா வந்துச்சு உங்களுக்கு?” என்று அதட்டிவிட்டு, கோழியின் கழுத்துக்குக் கீழே தடவினான். இரைப்பை நார்த்தங்காய் அளவுக்கு வீங்கிக் கல்லாக இருந்தது. அலகைப் பிரித்தால் புளித்த வாடை.

“எத்தன நாளா இப்பிடி?”

“மூணு நாளா எரை எடுக்கல. நல்லெண்ணெய் ஊத்தி நீவி விட்டும் பாத்துட்டேன். எறங்க மாட்டேங்குது.”

“அடைச்சுக்கிச்சு. அறுத்துத்தான் எடுக்கணும். காலப் பிடிச்சுக்க.”

“பொழைக்குமா மச்சான்?”

“பொழச்சா எனக்கு என்ன தருவ?” இளித்தான்.

“நீங்க கேட்டு விட்டதுக்கு என் வாயாலயே பதில் சொல்றேன்.”

அதற்குமேல் அவனுக்கு என்ன வேண்டும்? சவரக்கத்தியைக் காய்ச்சினான். நெஞ்சு இறகைப் பிய்த்து, மஞ்சள் தண்ணீர் தொட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்தான். கோழி துள்ளவில்லை, கத்தவில்லை. இமைக்காமல் அவன் முகத்தையே பார்த்தது. தலையை அந்தப் பக்கம் திருப்பி வைத்தான். மறுபடி திரும்பி அவனையே பார்த்தது.

“இத எங்க வாங்குன? பார்வையே ஒரு மாதிரியா இருக்கே.”

“வாங்கல. ஒருத்தர் குடுத்தாரு.”

இரைப்பையைப் பிதுக்கினான். ஊறிப் பருத்த பச்சரிசி வந்தது. பிறகு சுருள் சுருளாக வாழைநார். அதில் ஒட்டிக்கொண்டு அழுகிய செவ்வந்தி இதழ்கள்.

“கோழிக்கு யாரு பச்சரிசி போடுறா?”

“கெடச்சதத் தின்னுருக்கு.”

அந்த வாடை எங்கேயோ பழகிய வாடையாக இருந்தது. உச்சி வெயிலில் அவனுக்குக் கை மயிர் கூச்செறிந்தது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எதிரே அன்னக்கொடியின் முகம் இருந்தது. ஊசியில் நூலைக் கோத்தான்.

வெந்நீரில் கழுவி, உள்பையைத் தனியாகவும் மேல்தோலைத் தனியாகவும் தைத்தான். மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசிக் கீழே விட்டான். கோழி தள்ளாடியது. சட்டென்று சிலிர்த்து நிமிர்ந்து, சட்டித் தண்ணீரைக் குடித்தது. பிறகு நேராக நடந்து வந்து அவன் காலடியில் நின்றுகொண்டது.

“பொழச்சிருச்சு! ரெண்டு நாளைக்குக் கேப்பக் கூழு மட்டும் குடு. இனி இதுக்கு ஒண்ணும் ஆகாது.”

“நெசமாவா?”

“எங்க குலசாமி சத்தியமா! இப்ப நீ பதிலச் சொல்லு.”

அக்கா செத்ததிலிருந்து சிரிக்காத அன்னக்கொடி அப்போது சிரித்தாள்.

“சனிக்கிழமைச் சாவு, தொணைக்கு இன்னொரு உசுரு கேக்கும்னு பயந்து, அக்கா பாடையில ஒரு கோழியக் கட்டச் சொன்னீங்கள்ல? நீங்க கொள்ளிச்சட்டியோட முன்னால போனீங்க, திரும்பியே பாக்கல. அந்தக் கோழிதான் மச்சான் இது. அக்கா வாய்க்குப் போட்ட அரிசியையும் பாடை மாலையையும்தான் தின்னுருக்கு.”

நல்லகாமன் காலை இழுத்துக்கொண்டான். கோழியும் கூடவே நகர்ந்தது.

“கொல்லுறதுக்கு முன்னாடி சுடுகாட்டுக்காரர்கிட்ட அழுது வாங்கிட்டு வந்தேன். இது செத்திருந்தா இதுவே தொணைன்னு அக்கா போயிருப்பா. பொழைக்க வச்சுட்டீங்க, கூட யாரக் கூட்டிட்டுப் போகணும்னு நான் அவகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.”