மூட்டைகளுக்குப் போட்ட பெல்ட்

அக்கா, கார் கம்பெனியில் நான் சோதனைக்காக ஓட்டிப் பார்க்கும் ஹைபிரிட் காரில் சில நேரம் பிரேக் பிடிப்பதில்லை. ஸ்கேனரில் கோளாறு எதுவும் தெரியவில்லை. பின் சீட்டில் ஆட்களுக்குப் பதிலாக மூன்று மணல் மூட்டைகளை வைத்து, பெல்ட் போட்டுத்தான் ஓட்டுவோம். பிரேக் பிடிக்காமல் போவதற்குச் சற்று முன்பு, ஒவ்வொரு முறையும் அந்தப் பெல்ட்டுகள் தாமாகக் கழன்றுவிடுகின்றன.

சூப்பர்வைசர் ரகுபதியிடம் சொன்னேன். சிரித்தார்.

“இன்னாபா, மூட்டை எறங்கி ஓடப் பாக்குதா?”

“பயமா இருக்குல்லா சார்.”

“பயந்தா ஊருக்கு பஸ் ஏறு. வேற ஆள் இருக்கான்.”

இப்போது வல்லக்கோட்டைச் சாலையில் பெல்ட் கழலும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். மூட்டைகள் பெல்ட்டோடு அப்படியே இருந்தன. கழன்றது என்னுடையது. முன்னால் பள்ளிப் பிள்ளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். நான் இன்னும் பிரேக்கை மிதிக்கவில்லை.