மூக்கிக்கு ஓர் அறை

“பெட்டிக்கு வாசல் பக்கம் தாழ்வா இருக்கணும். இல்லன்னா உள்ள போறப்ப மூக்கிக்கு வயிறு இடிக்கும்” என்றார் தையல்காரர், பலகையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டபடி.

“அதுக்காகத் தையலுக்கு ரெண்டு விரல் விட்டு வெட்டுவீங்களா? பலகையை யாராவது மடிச்சுத் தைப்பாங்களா?” என்றாள் மனைவி.

“பழக்கதோஷம்” என்று அவர் சிரித்தார். மேசைக்கடியில் படுத்திருந்த நிறைமாசக்காரி மூக்கி, மரத்தூளை மோந்து பார்த்துத் தும்மியது. எதையும் மோந்து பார்க்காமல் விடாத நாய் என்பதால்தான் மகள் அதற்கு அந்தப் பெயரை வைத்திருந்தாள்.

அவர் சிரித்ததே அவளுக்குப் பெரிய விஷயம். காய்ச்சல் என்று படுத்த மகள் எழுந்திருக்காமலே போனபிறகு, அவர் கடையைத் திறக்கவில்லை. வீட்டைக் கூட்டுவார், சமைப்பார், அவள் கையில் தட்டைக் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

மனுஷன் உள்ளுக்குள்ளேயே உடைந்துகொண்டிருக்கிறார், இவரை எப்படித் தேற்றி எடுப்பது என்று மகளின் கட்டிலில் படுத்தபடியே அவள் கவலைப்பட்டாள்.

அந்த நேரத்தில்தான் மூக்கியின் வயிறு உப்பியது. அவர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார். “மூக்கி குட்டி போடப் போகுது. காத்து அடிக்காத இடம் இந்த ரூம்தான். கட்டிலை வெளிய எடுத்தாத்தான் பெட்டி வைக்க முடியும்.”

மகளின் வாசனை அந்தத் தலையணையில் இன்னும் இருந்தது. அதை விட்டு நகர அவளுக்கு மனமில்லை. ஆனாலும் இத்தனை நாள் கழித்து அவர் வாய்திறந்து ஒன்று கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கட்டிலின் ஒரு பக்கத்தை அவளே தூக்கினாள்.

அதற்குப்பின் இருவருக்கும் கை ஓயவில்லை. தாய் புரண்டு படுத்தால் குட்டிகள் நசுங்காமலிருக்க, பெட்டியின் உள்பக்கம் அவர் சட்டம் அடித்தார். அவள் பழைய போர்வைகளைத் துவைத்துக் காயவைத்து, ஓரம் மடித்துத் தைத்தாள். பிறக்காத குட்டிகளுக்காகச் சண்டைகூட வந்தது.

“எதிர்வீட்டுக்காரருக்கு ஒண்ணு குடுப்போம்” என்றார் அவர்.

“வேண்டவே வேண்டாம். அவர் குரைக்கிறதே போதும், தெருவுக்கு.”

என்றைக்குப் பிரசவம் என்று கேட்டுவந்து அவரை அசத்தலாம் என நினைத்தாள். நடக்க அழைத்துப் போகும் சாக்கில் மூக்கியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினாள். மருத்துவர் அதன் வயிற்றை லேசாகத் தொட்டதோடு சரி.

“வயித்துல குட்டி இல்லம்மா. பொய்க் கர்ப்பம். சில நாய்க்கு இப்படி வரும், பால்கூடச் சுரக்கும். அப்புறம் தானா வடிஞ்சிடும்.” பிறகு நாயை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். “நீங்க எப்படிம்மா இருக்கீங்க?”

“எனக்கென்ன டாக்டர்? அவரை நினைச்சாத்தான் பயமா இருக்கு.”

வீட்டுக்கு வந்து அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவர் பழையபடி ஊமையாகிவிடுவார். மகளையும் கொடுத்துவிட்டு, உயிரோடு இருக்கிற இவரையும் பறிகொடுக்க அவளுக்குத் தெம்பில்லை. அவர் ஆணி அடிக்க, அவள் பலகையைப் பிடித்துக் கொடுத்தாள்.

கடைசியில் பெட்டி தயாரானது. போர்வையை விரித்து, “வாடி, புது வீட்டுக்காரி!” என்று அவர் கூப்பிட்டார்.

மூக்கி நேராக வரவில்லை. கூடத்து மூலைக்குப் போய், மகளின் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு வந்தது. பெட்டிக்குள் ஏறிச் சுருண்டு, செருப்பை வயிற்றோடு அணைத்து நக்கிக் கொடுக்கத் தொடங்கியது.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மகளைத் தூக்கிப்போன அன்றுகூட வராத அழுகையை அழுதாள்.

“என்னை மன்னிச்சிடுங்க. அது வயித்துல ஒண்ணும் இல்லைங்க. டாக்டர் அப்பவே சொல்லிட்டார். நீங்க மனசு விட்டுடுவீங்களோன்னு மறைச்சுட்டேன்.”

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “தெரியும். அளவு எடுக்கறதுக்கு முன்னாடியே நான் போய்க் காட்டிட்டு வந்துட்டேன்.”

அவள் அழுகை அப்படியே நின்றது. “தெரிஞ்சுமா? பின்ன எதுக்குங்க இவ்வளவு பாடு?”

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“நீ எழுந்திருக்கணும்ல?”